நாட் இன் மை பேக்யார்டு (ஆங்கில மரபுத்தொடர்)

"நாட் இன் மை பேக்யார்டு" என்பது ஒருவகைத் தன்னலத்தைக் குறிக்கும் ஆங்கில மரபுத்தொடர். நேர்ப்பொருள் "என் வீட்டுக் கொல்லையில் வேண்டாம்". குப்பைக் கிடங்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், சுடுகாடு போன்றவை ஊருக்குத் தேவை என்று ஒப்புக்கொள்ளும் ஒருவர், அவை தம் வீட்டருகே வரும்போது மட்டும் எதிர்ப்பதை இது சுட்டும். முதலெழுத்துகளைச் சேர்த்து "நிம்பி" என்றால் அப்படிப்பட்ட ஆளைக் குறிக்கும். இது பெரும்பாலும் வசை. தம்மை நிம்பி என்று சொல்லிக்கொள்பவர் அரிது.

பிரிட்டனில் 1980களில் இச்சொல் பரவ அமைச்சர் நிக்கோலஸ் ரிட்லி ஒரு காரணம். கிராமப்புறங்களில் புது வீடுகள் கட்டுவதை எதிர்த்தவர்களை அவர் இவ்வாறு சாடினார். தம் வீட்டருகே வரவிருந்த கட்டடங்களுக்கு அவரே ஆட்சேபம் தெரிவித்திருந்தது பிறகு தெரியவந்தது.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்ற பழமொழியை இதற்கு ஈடாகச் சொல்ல முடியாது. அது பிறர் பொருளைத் தாராளமாகச் செலவிடுவது பற்றியது. நிம்பியோ தன் சுமையைப் பிறர் தலையில் வைப்பவர்.

எதிர்ப்பவர் எல்லாரும் நிம்பி அல்லர். தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில் ஏரிக்கரையிலேயே பல ஆண்டுகள் குப்பை கொட்டப்பட்டது. "ஏரியில் கொட்டாதே" என்று அங்குள்ளவர்கள் கேட்டதற்கு இச்சொல் பொருந்தாது. எந்த ஊர் ஏரிக்கும் அதே நியாயம்தான். "எங்கள் ஏரியில் வேண்டாம், அடுத்த ஊர் ஏரியில் கொட்டு" என்றிருந்தால் பொருந்தும். அப்போதும் முழுத் தப்பிப்பு இல்லை. சிட்லபாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கும், அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கும் போகிறது.

அந்தச் சதுப்புநிலத்தில்தான் பெருங்குடி குப்பைக் கிடங்கு இருக்கிறது. தென்சென்னை வீடுகளின் குப்பை பல பத்தாண்டுகளாக அங்கே குவிந்தது. 2022 ஏப்ரலில் கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. அதே ஆண்டில் சதுப்புநிலம் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் "இங்கே போதும்" என்றால் அவர்களை நிம்பி என்பது சொல்லைத் தலைகீழாகப் பிடிப்பதாகும். குப்பையை அங்கே அனுப்பிவிட்டு, தங்கள் பகுதியில் உரக்கூடம் வேண்டாம் என்போருக்கே அது பொருந்தும்.

மொழிபெயர்க்கும்போது "கொல்லை" என்று எழுதத் தேவையில்லை. அடுக்குமாடி வீட்டுக்குக் கொல்லை ஏது? "எங்கள் தெருவில் வேண்டாம்" என்றால் எல்லாருக்கும் புரியும்.