மரப்பட்டைக்குள் ஒரு மஞ்சள்

நம் மீன்கறிக்குப் போடும் கொறக்காப்புளியும் மங்குஸ்தானும் ஒரே பேரினம். இக்குடும்ப மரங்களின் பட்டையில் 'சாந்தோன்' எனும் மஞ்சள் சேர்வைகள் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழக இரசாயனவியல் துறையில் பேராசிரியர் எம்.யூ.எஸ். சுல்தான்பாவா இவற்றையும் ஆராய்ந்தார்.

பட்டையைக் காயவைத்து, இடித்து, கரைப்பானில் ஊறவைக்க வேண்டும். அந்தச் சாற்றைச் சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் விட்டால், சேர்வைகள் வளையம் வளையமாகப் பிரிந்து இறங்கும். கிலோக்கணக்கில் பட்டை இடித்தாலும் சில சேர்வைகள் மில்லிகிராம் அளவில்தான் கிடைக்கும். பிறகுதான் அதன் கட்டமைப்பைக் கண்டறியும் வேலை.

வெப்பமண்டலத் தாவரங்களின் சாந்தோன்கள் பற்றிய அவரது நீண்ட மீளாய்வை 1980இல் 'டெட்ராஹெட்ரன்' சர்வதேச சஞ்சிகை வெளியிட்டது.

"ஆராய இங்க என்ன கிடக்கு?" என்று கேட்கும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இதைத்தான்: கருவி தேடி வெளியே போகலாம்; கேள்வி நம் காட்டிலேயே நிற்கிறது.