கண்ணீர்க் கணக்கு – 6: வடிகாலை அடைக்கும் வைத்தியம்

கண்ணின் மேற்பரப்பில் எந்த நேரமும் தங்கியிருக்கும் கண்ணீரின் அளவு ஏறத்தாழ 7 மைக்ரோ லிட்டர்தான். சொட்டு மருந்துப் புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோ லிட்டர் வரை இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால், அது எத்தனை சிறிய இருப்பு என்பது விளங்கும். இயல்பான கண்ணில் நிமிடத்துக்குச் சுமார் 1.2 மைக்ரோ லிட்டர் புதிதாகச் சுரப்பதால், ஆறு நிமிடங்களுக்குள் அந்த இருப்பு முழுவதும் மாறிவிடுவதாகக் கணக்கிடலாம். பழைய கண்ணீரில் ஒரு பங்கு காற்றில் ஆவியாகிறது. எஞ்சியது மூக்குக்குள் வடிந்துவிடுகிறது. சுரப்பு குறைந்துபோன ஒருவருக்கு இந்த வடிகாலை அடைத்துவிட்டால் என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே, மருத்துவமனைகளில் ‘பங்ட்டல் பிளக்’ என்று வழங்கும் அடைப்பான்.

மேல் இமையிலும் கீழ் இமையிலும் மூக்கை ஒட்டிய முனையில், ஒரு சிறு மேட்டின் உச்சியில், சுமார் 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை ஒன்று இருக்கிறது. கீழ் இமையைச் சற்றே வெளிப்புறமாக மலர்த்திக் கண்ணாடியில் பார்த்தால் அதைக் காணலாம். இதற்குக் கண்ணீர்த் துளை என்று பெயர். அதிலிருந்து புறப்படும் நுண்குழாய் முதலில் 2 மில்லிமீட்டர் தூரம் செங்குத்தாகச் சென்று, பிறகு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் மூக்கை நோக்கிக் கிடையாக ஓடி, கண்ணீர்ப் பை என்னும் சிறு தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து எலும்புக்குள் இறங்கும் குழாய் மூக்கின் உட்புறத்தில் திறக்கிறது. ஒவ்வோர் இமைப்பும் இந்தப் பாதையில் கண்ணீரை உறிஞ்சித் தள்ளும் பம்பாக வேலை செய்கிறது. கண்ணில் விட்ட மருந்தின் கசப்பு சிறிது நேரத்தில் தொண்டையில் தட்டுப்படுவதும், அழும்போது மூக்கு ஒழுகுவதும் இந்த வழியால்தான்.

ஏரிப் பாசனம் அறிந்தவர்களுக்கு இந்தச் சிகிச்சையின் தர்க்கத்தை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை: மடையை அடைத்தால் இருக்கும் தண்ணீர் நிற்கும், ஆனால் வரத்து கூடாது. ஆகவே, வறட்சி எதனால் வந்தது என்பதை அறிவதே முதல் வேலையாகிறது. ஜெர்மானிய மருத்துவர் ஆட்டோ ஷிர்மர் 1903-இல் விவரித்த சோதனையில், 5 மில்லிமீட்டர் அகலமுள்ள வடிதாள் பட்டை ஒன்றைக் கீழ் இமையில் மாட்டி, ஐந்து நிமிடங்களில் அது எவ்வளவு தூரம் நனைகிறது என்று பார்க்கிறார்கள். 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நனைந்தால் சுரப்பே வற்றியிருக்கிறது என்று பொருள். சுவீடன் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933-இல் தம் ஆய்வேட்டில் 19 பெண்களை வைத்து விவரித்த நோய் இவ்வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர்ச் சுரப்பியையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் தாக்குவதால், அவர் பெயரால் வழங்கும் அந்த நோயில் கண்ணும் வாயும் சேர்ந்தே உலர்கின்றன. அடைப்பானால் அதிகப் பயன் பெறுபவர்கள் இத்தகையோரே. சுரப்பு போதுமான அளவு இருந்தும், இமை விளிம்பின் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டதால் கண்ணீர் விரைவில் ஆவியாகிவிடும் மற்றொரு வகையினருக்கு, வடிகாலை அடைப்பதைவிட இமைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அந்த எண்ணெயை இளக்குவதே முதலில் செய்ய வேண்டியதாகும்.

வடிகாலை மூடும் எண்ணம் புதிதன்று. அமெரிக்க மருத்துவர் வில்லியம் பீத்தம் 1935-இலேயே துளைகளைச் சூடுபோட்டு மூடும் முறையை எழுதிவைத்தார். ஆனால் சுட்ட துளையைத் திரும்பத் திறப்பது எளிதல்ல. பிரிட்டனில் வாலஸ் ஃபோல்ட்ஸ் 1961-இல் கரையக்கூடிய ஜெலட்டின் குச்சிகளை நுண்குழாய்க்குள் செருகிப் பார்த்தார். 1975-இல் மெம்ஃபிஸ் நகரத்து மருத்துவர் ஜெரி ஃப்ரீமன், இரு முனையும் பருத்து நடு இடுங்கிய சிலிக்கோன் பிளக்கை வெளியிட்டார். தலைப்பகுதி துளைவாயில் தொப்பிபோல் உட்கார்ந்து, அடிப்பகுதி உள்ளே பற்றிக்கொள்ளும் அந்த வடிவமே, சிற்சில மாற்றங்களோடு, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வேண்டாமென்றால் இடுக்கியால் பிடித்து எடுத்துவிடலாம் என்பதுதான் சூட்டுக்கோலை அது வென்றதன் காரணம்.

பொருத்துவது சில நிமிட வேலை. மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை விட்டு, துளையை அளந்து, அதற்கேற்ற அளவுள்ள பிளக்கை உருப்பெருக்கியின் கீழ் வைத்துச் செருகுகிறார்கள். கவனமான மருத்துவர் எடுத்த எடுப்பில் நிரந்தரப் பிளக்கைப் போடாமல், சில நாளில் தானே கரைந்துவிடும் கொலாஜன் துண்டைக் கீழ்த்துளையில் வைத்து, ஆறுதல் கிடைக்கிறதா, கண்ணீர் வழிகிறதா என்று பார்த்துக்கொள்வார். மேல்துளைகளையும் சேர்த்து அடைப்பது, கீழ்த்துளையை அடைத்தது போதாதபோது மட்டுமே.

பொருத்தியபின் வாழ்வது எப்படி என்பதுதான் நோயாளிக்கு நேரும் உண்மையான பாடம். முதல் சில நாட்கள் மூக்கோரத்தில் ஏதோ தூசி ஒட்டியிருப்பது போன்ற உணர்வு இருக்கும். பெரும்பாலோருக்கு அது மறைந்துவிடும். மறையாமல் ஒவ்வோர் இமைப்பிலும் உறுத்தினால், பிளக்கின் தலை பெரிதாகவோ சாய்ந்தோ இருந்து விழிவெண்படலத்தை உராய்கிறது என்று கொள்ள வேண்டும். பொறுத்துக்கொள்ள வேண்டிய உறுத்தலன்று அது. கண்ணைக் கசக்கும் பழக்கத்தை விட்டாக வேண்டும், ஏனென்றால் கசக்கும் விரல் மூக்கோரத்துக்குத்தான் போகிறது, அங்கேதான் பிளக் இருக்கிறது. காலையில் பீளையைத் துடைக்கும்போதும், இமையின் உள்விளிம்பில் மை தீட்டும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் பிளக் கழன்று விழுவது மிகச் சாதாரணம்: அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, துளைவாயில் பொருத்தும் பிளக்குகளை இழப்போர் சராசரியாக நூற்றுக்கு 40 பேர். விழுந்தது பலருக்குத் தெரிவதில்லை. சில வாரங்களில் பழைய எரிச்சல் திரும்பும்போதுதான் கண்ணாடியைப் பார்க்கத் தோன்றுகிறது.

சொட்டு மருந்தின் நடத்தையும் மாறுகிறது. வடிகால் அடைபட்ட கண்ணில் மருந்து அதிக நேரம் தங்குவதால் செயற்கைக் கண்ணீரை விடும் தடவைகள் குறையக்கூடும், அது நல்லது. ஆனால் அதே காரணத்தால், புட்டி மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கப்படும் பென்சல்கோனியம் குளோரைடு போன்ற பொருள்களும் அதிக நேரம் தங்கி விழிப்பரப்பைப் புண்ணாக்கலாம். ஆகவே, அப்பொருள் கலக்காத மருந்தைக் கேட்டு வாங்குவது, பிளக் வைத்தவருக்கு வீண்செலவு அல்ல. அடைப்பு வேண்டிய அளவுக்கு மிஞ்சிவிட்டால் கலங்கலில் நீர் வழிவதுபோல் கண்ணீர் கன்னத்தில் வழியும்; வறட்சிக்குச் சிகிச்சை பெற்றவர் கைக்குட்டையோடு திரிவது வேடிக்கையாகத் தோன்றினாலும், பிளக்கை எடுத்தால் அதுவும் நின்றுவிடும்.

நிற்கும் தண்ணீர் எப்படிப்பட்டது என்ற கேள்வி, பொருத்தும் அவசரத்தில் அடிக்கடி விட்டுப்போகிறது. உலர்ந்த கண்ணின் மேற்பரப்பில் அழற்சி, அதாவது சிவந்து வீங்கி எரியும் தற்காப்பு எதிர்வினை, நடந்துகொண்டிருந்தால், அதைத் தூண்டும் வேதிப்பொருள்கள் கண்ணீரிலேயே கலந்திருக்கும்; வடிகாலை அடைப்பது அவற்றையும் சேர்த்துத் தேக்குவதாகும். அமெரிக்காவில் 2002-இல் அனுமதி பெற்ற 0.05 சதவீத சைக்ளோஸ்போரின் போன்ற மருந்தால் அழற்சியைத் தணித்துவிட்டு, அதன்பின் பிளக்கை எண்ணிப் பார்ப்பது முறையாகும் என்று பல வல்லுநர்கள் கருதுவது இதனால்தான். 18 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, பிளக்கின் பலன் குறித்து உறுதியான முடிவு எதையும் எட்டவில்லை. பயன் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்வது பிழையாகும். வெவ்வேறு காரணங்களால் வறண்ட கண்களை ஒரே கூடையில் போட்டு எண்ணினால் விடை தெளிவாக வராது என்பதையே இது பெரிதும் காட்டுவதாகக் கொள்ளலாம்.

துளைவாயில் தொப்பிபோல் அமரும் பிளக்கைத் தவிர, நுண்குழாய்க்குள்ளேயே மறைந்துவிடும் வகையும் உண்டு. உறுத்தாது, விழாது என்பதால் நோயாளிகளுக்கு அது கவர்ச்சியாகத் தெரிந்தாலும், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதே அதன் குறை. உள்ளே கிருமி சேர்ந்து குழாய் வீங்கிச் சீழ் வடியத் தொடங்கினால், உப்புநீரைப் பீய்ச்சி அதை மூக்குக்குள் தள்ளப் பார்க்கிறார்கள். அசையாவிட்டால் குழாயைக் கீறித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அந்த வேளையில் எதிரே இருக்கும் மருத்துவர் முதலில் பொருத்தியவராக இருக்க வேண்டுமென்பதில்லை. எந்த வகை, எந்தக் கண், மேல்துளையா கீழ்த்துளையா, எந்தத் தேதியில் என்ற விவரங்கள் எழுதிய சீட்டு நோயாளியின் கையில் இருந்தால், அந்த மருத்துவருக்குத் தேட வேண்டிய இடம் உடனே தெரிந்துவிடும்.

(தொடரும்)