மாமரத்தின் மேல் ஒரு வழக்கு

உங்கள் வீட்டுக் கொல்லையில் மரம் இருக்கிறதா? அதன் நிழலில் என்ன வளர்கிறது, என்ன வளர மறுக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா?

எங்கள் வீடு மதுரைப் பக்கம். வீட்டிற்கு வடக்கே கொல்லை. அதன் மேற்கு ஓரத்தில், என் தாயார் கொட்டை புதைத்து வளர்த்த மாமரம். மரம் சிறிதாக இருந்தவரை தக்காளியும் மிளகாயும் நன்றாகக் காய்த்தன. மரம் பரந்து வளர, காய்ப்புக் குறைந்தது. மிளகாய்ப் பாத்தியை மரத்தடியிலிருந்து வீட்டுச் சுவரோரம் மாற்றினோம். வைகாசியில் தளதளவென்று நின்ற செடிகள் ஐப்பசியில் சோர்ந்துவிட்டன. தக்காளியோ வெளிறி, நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்தது. "எல்லாம் இந்த மரத்தால்தான்" என்று அண்ணன் மரம் வெட்டுபவரிடம் கூலி பேசிவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒரு வாரம் தவணை கேட்டேன்.

முதலில் தக்காளியைப் பார்ப்போம். வெளிச்சம் குறைந்தால் செடி குட்டையாகத்தானே போகவேண்டும்? ஏன் உயரமாகிறது? இலையிலுள்ள பச்சையம் சூரிய ஒளியின் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். சிவப்புக்கு அடுத்துள்ள தூரச் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆகவே மரத்தடியில் விழும் ஒளி அளவில் மட்டுமன்றித் தன்மையிலும் வேறானது. இந்த வேற்றுமையை அறியும் நிறமி ஒன்று செடியில் உண்டு, பெயர் பைட்டோகுரோம். 1952இல் அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் முதலியோர் லெட்டூஸ் விதைகளின்மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினர், விதைகள் முளைத்தன. அதன்பின் தூரச் சிவப்பைப் பாய்ச்சினால் பெரும்பாலானவை முளைக்கவில்லை! அதே நிறமிதான் தக்காளிக்கு, "தலைக்குமேல் வேறு இலை இருக்கிறது, எட்டிப் பிடி" என்கிறது. உணவெல்லாம் தண்டுக்குப் போய்விட்டால் காய்க்கு என்ன மிஞ்சும்?

அளவும் சிறிதன்று. நண்பகல் வெயில் ஏறத்தாழ ஒரு லட்சம் லக்ஸ். அடர்ந்த மரத்தடியில் சில ஆயிரமே. நம் கண் பாவையைச் சுருக்கியும் விரித்தும் சரிசெய்துகொள்வதால் இவ்வளவு வேறுபாடு தெரிவதில்லை. கருவியின்றி அறிய ஒரு வழி உண்டு. வெள்ளைத் தாளுக்கு ஓர் அடி உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழலின் விளிம்பு கூர்மையாக விழுந்தால் நேர் வெயில். மங்கலாக விழுந்தால் அரை நிழல். நிழலே விழாவிட்டால் அங்கே தக்காளி வேண்டாம்.

மரத்தடியில் வட்டவட்டமாக ஒளிப்பொட்டுகள் விழுகின்றனவே, அவை சூரியனின் பிம்பங்கள். 26 டிசம்பர் 2019 காலையில் கங்கண கிரகணம் நிகழ்ந்தபோது, திண்டுக்கல், புதுக்கோட்டைப் பகுதிகளில் மரத்தடியெங்கும் வளையங்கள் விழுந்தன. கண்டவர் மறக்கமாட்டார்கள். நிழற்செடிகளுக்கு இப்பொட்டுகள் பெரிய வரவு.

இனி மிளகாய். கொல்லையில் முளைக்குச்சிகள் அடித்து, மணிக்கொரு முறை நிழலின் எல்லையைக் குறித்தேன். நண்பகலில் மிளகாய்ப் பாத்தி முழுவதும் நிழலில் இருந்தது. ஆனால் அது மாமரத்தின் நிழலே அன்று; எங்கள் வீட்டின் நிழல்!

பூகோளப் பாடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மதுரை ஏறத்தாழ வடக்கு 10 பாகையில் உள்ளது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே செல்கிறது. அப்போது வடபுறச் சுவரடியில் நல்ல வெயில். பிறகு சூரியன் தெற்கே சாய, 4 மீட்டர் உயரமுள்ள சுவரின் நண்பகல் நிழல், அக்டோபர் பிற்பகுதியில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டரும் டிசம்பரில் 2.6 மீட்டரும் வடக்கே நீள்கிறது. மரத்துக்கு அஞ்சிச் செடிகளை வீட்டு நிழலில் கொண்டுபோய் வைத்தவர்கள் நாங்கள்தாம். மரத்தை வெட்டியிருந்தாலும் மிளகாய் பிழைத்திராது.

கணக்கை அண்ணனிடம் காட்டினேன். அவர் மறுநாள் தாமே குச்சிகளைச் சரிபார்த்துவிட்டு, தாழ்ந்த கிளைகள் இரண்டை மட்டும் கழிக்கச் சொன்னார். கிழக்கோரத்தில் காலை வெயில் ஐந்து மணி நேரம் விழுந்தது. தக்காளி அங்கே போயிற்று. மிளகாய் தொட்டிகளில் மாடிக்கு ஏறிற்று.

மரத்தடிக்கு? வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தியை நட்டு, அதன் நிழலில் கொடி ஏற்றுவதை அறிவீர்கள். எந்த இலையும் சுவாசிப்பதற்காகத் தான் செய்த உணவில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. நிழலுக்குப் பழகிய செடிகளின் மெல்லிய இலைகளுக்கு இச்செலவு குறைவு. எனவே சிறு வருமானத்திலும் குடும்பம் நடத்துகின்றன. ஒரே மாமரத்திலும் உச்சி இலையையும் உள்ளிலையையும் பறித்துத் தடவிப் பாருங்கள். உச்சி இலை தடிப்பாக இருக்கும்.

அடுத்த ஆனியில் அரை நிழலில் மஞ்சளும் சேம்பும் நட்டோம். முதல் மாதம் மஞ்சள் வாடியது. இம்முறை குற்றம் நிழலின்மேல் இல்லை. மேலாக ஓடும் மாவேர்கள் தண்ணீரை முந்திக் குடித்திருந்தன. அம்மா இப்போது அந்தப் பாத்திக்கு மட்டும் ஒரு குடம் கூடுதலாக ஊற்றுகிறார்.