ஓடையும் குடமும்

ஓடும் நீரைக் குடத்தில் ஏந்தினால்தான் வீட்டுக்கு உதவும். ஜாவா என்னும் கணிப்பொறி மொழியிலும் அப்படியே. 2014-இல் வந்த அதன் 8-ஆம் பதிப்பில் ‘ஸ்ட்ரீம்’ என்னும் ஓடை அமைந்தது. ஓர் ஓடையில் தரவுகள் ஒருமுறைதான் ஓடும். ‘கலெக்ட்’ என்னும் கட்டளை அவற்றை ஏந்திச் சேர்க்கும்.

எந்தக் குடத்தில் சேர்ப்பது? நம் திருவேங்கடத்தில் ஒரு வகுப்பில் இரண்டு மகாலட்சுமிகள் இருப்பதாகக் கொள்வோம். சத்துணவுக்குப் பெயர்களை ‘லிஸ்ட்’டில் சேர்த்தால் இருவரும் இருப்பர். ‘செட்’டில் ஒரே பெயர் இருமுறை நில்லாது, ஒருத்தி பசியோடு நிற்பாள்! ‘மேப்’ ஒவ்வொன்றையும் ஒரு திறவுகோலோடு வைக்கும். பெயரையே திறவுகோலாக்கினால் ஜாவா பிழை காட்டி நின்றுவிடும், பதிவெண்ணை ஆக்கினால் இருவரும் நலமே.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்றனர் முன்னோர். தோழியரே, பாத்திரம் அறிந்து சேர்ப்போம் நாம்!