ஹோம் தியேட்டரும் மூன்று ரிமோட்டும்

ஆடித்தபசுக் கூட்டம் நிறையும் மாதத்தில்தான் ஆடித் தள்ளுபடியும் வருகிறது. சங்கரன்கோவில் கடைகளில் ஹோம் தியேட்டரின் ஊஃபர் அதிர்வதைக் கேட்ட உடனே பணத்தைக் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. செட்டாப் பாக்ஸுக்கு ஒரு ரிமோட், டிவிக்கு ஒன்று, தியேட்டருக்கு ஒன்று என்ற தொல்லை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

இந்தத் தொல்லை தீருமா என்பதைத் தீர்மானிப்பது வயர். சிவப்பு வெள்ளை ஆர்சிஏ வயரும் ஆப்டிகல் கேபிளும் ஒலியை மட்டுமே கடத்தும். ரிமோட்டின் கட்டளையையும் கடத்தக்கூடியது எச்டிஎம்ஐ கேபிள். அந்த வசதிக்கு சிஇசி என்று பெயர். டிவியிலும் தியேட்டரிலும் 'ஏஆர்சி' என்று எழுதிய போர்ட்டுகளை இணைத்து, சிஇசியை ஆன் செய்தால் டிவி ரிமோட்டிலேயே தியேட்டரின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். செட்டிங்ஸில் இதைத் தேடும்போது குழம்ப வேண்டாம்: சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். ஏஆர்சி வந்தது 2009இல்தான். அதற்கு முந்தைய டிவி வைத்திருப்பவர் இந்த வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

தியேட்டரை மரக்கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்தால் சாதாரண ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிர் உள்ளே போகாது. ரிமோட்டே கெட்டுவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால், அதன் முனையை செல்போன் கேமராவுக்குக் காட்டி பட்டனை அழுத்துங்கள். பல போன்களில் வெளிச்சம் மின்னுவது தெரியும். எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட் என்ற ஆசையிலும் நிதானம் தேவை. உலகெங்கும் பெயரெடுத்த ஹார்மனி ரிமோட்டுகளின் தயாரிப்பையே லாஜிடெக் 2021இல் நிறுத்திவிட்டது.

சிறிய ரிமோட்டுகளில் இருக்கும் பட்டன் பேட்டரி உண்மையிலேயே ஆபத்தானது. குழந்தை விழுங்கி அது தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். பேட்டரி மூடி ஸ்குரூ போட்டதாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள்.

'ஏஆர்சி, சிஇசி உண்டு' என்று கடைக்காரர் வாயால் சொல்வதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகையைக் கண்டு பின்வாங்க வேண்டாம். பில்லில் காலக்கெடு குறிப்பிடாதபோது, பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் சேரும். முதலில் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஆன்லைனில் வெளியூரிலிருந்து வாங்கியிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்துக்கான ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.