மறதி நோயும் பராமரிப்பின் அறமும்

கொல்கத்தாவின் தென்பகுதியில் அமைந்த லேக் கார்டன்ஸை ஒட்டிப் பஜ்பஜ் இரயில் பாதை செல்கிறது. அதற்கு அப்பால் இரவீந்திர சரோவர் ஏரி பரந்து கிடக்கிறது. இத்தகைய இடத்தில், மறதி நோயுற்ற முதியவர் ஒருவர் மாலை வேளையில் "வீட்டுக்குப் போகவேண்டும்" என்று வாயிலை நோக்கி நடப்பாராயின், இல்லத்தார் அஞ்சுவது இயல்பே. அவரைக் கட்டிலோடு கட்டுவதா? மருந்தால் உறங்கச் செய்வதா? இவ்வினா மருத்துவத்தை மட்டுமன்றி அறத்தையும் சார்ந்ததாகும்.

மூளையின் உயிரணுக்கள் சிதைவதால் விளையும் இந்நிலையை 'டிமென்ஷியா' என்பர். இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவதை 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் விவரித்தார். இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோருள் 7.4 சதவிகிதத்தினர், அதாவது சுமார் 88 இலட்சம் பேர், இந்நோயுற்றவர் என 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மறதியோடு அலைதல், கூச்சலிடுதல், சினத்தல், ஐயுறுதல் முதலிய குறிகளும் இவர்களிடம் தோன்றுகின்றன.

இக்குறிகளைப் பிடிவாதம் எனக் கொள்ளலாகாது. சொல்லால் உணர்த்த இயலாததை நோயாளர் செயலால் உணர்த்துகிறார். வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, பசி, செவிட்டுத்தன்மை, இரைச்சல் ஆகியவற்றுள் ஏதேனும் காரணமா என முதலில் ஆராய்தல் வேண்டும். அவர் தேடும் 'வீடு', நாட்டுப் பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்தில் விட்டுவந்த இளமைக்கால வீடாகவும் இருக்கலாம். "இதுதான் உங்கள் வீடு" என்று வாதிடுவதைவிட, அவ்வீட்டைப் பற்றி அவரைப் பேசச் செய்வது அவருக்கு அமைதி தரக்கூடும்.

மனநோய் மருந்துகளை எளிதாகக் கருதலாகாது. மறதி நோயுற்ற முதியோரிடம் இவற்றுள் புதியவை மரண அபாயத்தை ஏறத்தாழ 1.6 முதல் 1.7 மடங்காக உயர்த்துகின்றன என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-இல் எச்சரித்தது. 2008-இல் பழைய மருந்துகளுக்கும் அவ்வெச்சரிக்கையை விரித்தது. பிற வழிகள் பயனற்றபோது, கடுந்துன்பமோ தீங்கோ நேருமிடத்து மட்டும், மருத்துவர் மேற்பார்வையில் குறைந்த அளவில், குறுகிய காலத்திற்கு இவற்றைத் தரலாம்.

இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தனியறையில் அடைத்து வைப்பதைத் தடை செய்கிறது. உடனடித் தீங்கைத் தவிர்க்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியுடன் மட்டுமே உடலைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. மனநல நிலையங்களுக்கு வகுக்கப்பெற்ற இந்நெறி இல்லங்களுக்கும் நல்ல வழிகாட்டியாகும்.

அவ்வாறாயின் வாயிலை நோக்கி நடப்பவரை என் செய்வது? மாலையில் ஒருவர் துணையுடன் உலவச் செய்யலாம். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையை அவர் சட்டைப் பையில் வைக்கலாம். அண்டை வீட்டாருக்கும் கடைக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். கள ஊழியர் இல்லந்தோறும் இதனை விளக்குதல் வேண்டும். பராமரிப்பவரின் களைப்பையும் கேட்டறிதல் வேண்டும். 14567 என்னும் முதியோர் உதவி எண்ணைத் தெரிவித்தலும் நன்று. நிலைகெட்டுத் தெருவில் நிற்கும் முதியவரை எள்ளாது உதவ வேண்டும் என்பதை ஆசிரியர் மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும். நினைவு அழியினும் மானம் அழிவதில்லை. அதனைக் காப்பதே பராமரிப்பு.