கண்ணாடி நார் உடலும் பழைய தீந்தையும்



மோட்டார் வண்டி என்றதும் இரும்புத் தகடே நம் நினைவுக்கு வருகின்றது. இரும்பின் மேலுள்ள பழைய தீந்தையை நீக்குவதற்குப் பல வழிகள் உண்டு. கரைக்கும் மருந்தைப் பூசலாம், சூடேற்றி உரிக்கலாம், காற்றின் விசையால் மணலை வீசி அடிக்கலாம். இவற்றையே கண்ணாடி நாரினாலான வண்டியிற் கையாளின், கேடு தீந்தையோடு நில்லாது. வண்டியின் உடலே பாழாகிவிடும்.

1953ஆம் ஆண்டு யூன் 30ஆந் திகதி, அமெரிக்காவிலே மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ற் நகரில், முதலாவது செவ்ரலே கோர்வெற் வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. அவ்வாண்டிற் செய்யப்பட்டவை 300 மட்டுமே; அனைத்தும் வெண்ணிறத்தன. 1957இல் லண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே காட்டப்பெற்ற லோட்டஸ் எலீற் என்னும் வண்டியில் இரும்புச் சட்டகம் தனியாக இல்லை. கண்ணாடி நார் உடலே சட்டகமாகவும் நின்றது. இத்தகைய வண்டிகளை இன்று பேணுவோர், ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட மூன்று நான்கு நிறங்களின் கனத்தோடு போராட வேண்டியிருக்கின்றது.

இவ்வுடல் எவ்வாறு அமைந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வைக்கோல் கலந்து எழுப்பிய மண்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். வைக்கோல் பிடிப்பைத் தருகின்றது. மண் உருவத்தைத் தருகின்றது. இங்கே வைக்கோலின் இடத்தில் நுண்ணிய கண்ணாடி இழைகளும், மண்ணின் இடத்தில் பொலியெஸ்ரர் என்னும் பிசினும் இருக்கின்றன. தீந்தையும் ஒருவகைப் பிசினே அன்றோ? ஆகவே தீந்தையைக் கரைக்கும் கடும் மருந்துக்கு, தீந்தை எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்ற வேறுபாடு தெரியாது. மருந்து நெடுநேரம் கிடந்தால் பிசின் இளகும். இளகிய பிசினுள் ஊறிய மருந்து உள்ளேயே தங்கி, புதுத் தீந்தை பூசிய பின்னர் கொப்புளங்களாக வெளிப்படும்.

மருந்தினால் மனிதனுக்கு விளையும் கேடு இதனினும் பெரிது. பழைய தீந்தை நீக்கிகளிலே மெதிலீன் குளோரைட்டு என்னும் திரவம் முதன்மை பெற்றிருந்தது. ஏறக்குறைய 40 பாகை செல்சியசிலேயே அது கொதிக்கும். நம் நாட்டு வெப்பத்தில் எத்துணை விரைவாக ஆவியாகும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த ஆவி காற்றினும் கனமானது. ஆதலால் தாழ்ந்த இடங்களிலே தேங்கி நிற்கும். சுவாசித்தவரின் உடலினுள்ளே அது காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவாகவும் மாறுகின்றது. அமெரிக்காவிலே 2000ஆம் ஆண்டு முதல் 2011 வரை, குளியல் தொட்டிகளின் மேற்பூச்சைப் புதுப்பித்த தொழிலாளர் பதின்மருக்கு மேற்பட்டோர் இதனாலே மாண்டனர். தீந்தை நீக்கும் பொருட்டுப் பொதுமக்களுக்கு இதனை விற்பதை அந்நாடு 2019இல் தடுத்தது. சாதாரணத் தூசு முகமூடி இவ்வாவியைத் தடுக்காது. இறப்பர்க் கையுறையையும் இத்திரவம் ஊடுருவிச் செல்லும். பழைய தகரம் ஒன்று எங்கேனும் எஞ்சியிருப்பின், அதைத் தொடாது விடுதலே நன்று.

மணல் வீச்சும் ஆகாது. அது பிசினைக் கொத்தி இழைகளை வெளிக்காட்டிவிடும். அனல் ஊதியும் அவ்வாறே. தீந்தை இளகும் வெப்பத்திலே பிசினும் தளரும்.

பின் எவ்வழி நல்லது? வியப்பாகத் தோன்றலாம்; பழைய லாக்கர்ப் பூச்சுக்கு ஒருபுறம் மட்டும் கூருள்ள சவர பிளேட்டே சிறந்த கருவியாகும். ஆண்டுகள் பல சென்ற லாக்கர் உலர்ந்து நொறுங்கும் தன்மை அடைகின்றது. பிளேட்டின் இரு மூலைகளையும் தேய்த்து உருட்டிக்கொண்டு, உடலோடு ஒட்டினாற்போலச் சாய்த்துத் தள்ளினால், தீந்தை செதிள் செதிளாகக் கழன்றுவரும். மூலைகளை உருட்டாவிடின் அவை உடலைக் கீறும். வேலைக்குப் பல வாரங்கள் செல்லலாம். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் இத்தகைய வண்டியை ஒப்படைக்க நான் துணியேன்.

எஞ்சியதை மணல்தாள் கொண்டு கையாலே தேய்க்க வேண்டும். நீண்ட மரக்கட்டையிலே தாளைச் சுற்றிக்கொண்டால் பள்ளம் விழாது. தாளின் எண் கூடக்கூட அதன் நொய்மை கூடும். 180ஆம் எண்ணளவில் வந்ததும் அவசரத்தை விட்டுவிடுங்கள். அடிப்பூச்சின் நிறம் தோன்றியவுடன் அடிக்கடி நிறுத்திப் பாருங்கள். இழை தெரியத் தொடங்கினால் எல்லை கடந்துவிட்டீர்கள் என்பது பொருள். அவ்விடத்துக்கு மெல்லிய பிசின் பூச்சு இட்டே மேற்செல்ல வேண்டும். மின்னரைவையை அருகிலும் கொண்டுவராதீர்கள்.

பழந்தீந்தைகளில் ஈயம் கலந்திருக்கக் கூடும். ஆகையால் அத்தூசும் கண்ணாடித் தூசும் சுவாசத்திற் புகாதவாறு, நுண்தூசு வடிக்கும் முகக்கவசமும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் அணிதல் அவசியம். சிறுவர் நடமாடும் முற்றம் இவ்வேலைக்கு ஏற்றதன்று. தோலிற் படிந்த கண்ணாடித் துகளைத் தேய்க்காது, குளிர்ந்த நீரை ஊற்றிக் கழுவுங்கள். வேலை உடையை வீட்டாரின் துணிகளோடு சேர்த்துத் துவைத்தலாகாது.

அப்பச் சோடாத் தூளைக் குறைந்த அமுக்கத்தில் வீசி நீக்கும் முறையும் உண்டு. பழகிய கை செய்தால் உடல் பிழைக்கும். ஆயினும் மிச்சத் தூளை முற்றாகக் கழுவாவிடின் புதுத் தீந்தை ஒட்டாது. கழுவிய நீரையோ திறந்து கிடக்கும் இழைகள் உறிஞ்சிக்கொள்ளும். எனவே எம்முறையைக் கையாண்டாலும், அடிப்பூச்சு இடுமுன் சில நாட்கள் நல்ல காற்றோட்டத்திலே வண்டியை உலர விடுங்கள். அந்நாட்களில், பலகங்கள் ஒட்டப்பட்ட இணைப்புக் கோடுகளை விரலால் தடவிப் பாருங்கள். தீந்தை மறைத்து வைத்திருந்த பழைய வெடிப்புகள் அங்கேதான் அகப்படும்.